ஓரமாகப் பார்க்கும் படம்

போட்டோக்களைப் பாட்டோடு கோத்து வீடியோ கட்டுவது என் தொழில். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறைக் கடை. பக்கத்துச் சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பாட்டு கேட்காது என்பதால் எந்நேரமும் என் காதில் ஹெட்போன் இருக்கும். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், வளைகாப்பு என்று எது வந்தாலும் செய்வேன். ஆனாலும் அதிகம் செய்வது இறந்தவர்களுக்குத்தான். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மூக்கு பெரிதாகத் தெரிகிறது, நாத்தனார் படம் நிறைய வருகிறது என்று நூறு குறை சொல்வார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கொடுத்ததை வாங்கிப் போய்விடுவார்கள். அதனால் இறந்தவர்கள்மேல் எனக்கு எப்போதுமே ஒரு பிரியம் உண்டு.

பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். நாள் முழுக்க செத்தவர்கள் முகத்தைப் பெரிதாக்கி வைத்து, தழும்பையும் கறையையும் அழித்துக்கொண்டிருக்கிறவளுக்கு என்ன பயம் வேண்டிக்கிடக்கிறது? இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வருஷம் பட்டப்பகலில் ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கடையைப் பூட்டக்கூடத் தோன்றாமல் சந்துக்கு ஓடிவந்து நின்றவளும் நான்தான்.

பாளையம்பட்டியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்தின் மருமகள் ஒருத்தி வந்தாள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். அவளுடைய அப்பா இறந்துவிட்டார். திருச்சுழிக்கு அப்பால், நரிக்குடி ரோட்டில் இருக்கிறது அவர் ஊர். பதினாறாம் நாள் படத்திறப்புக்குப் பந்தலில் பெரிய டிவி வைத்து ஓட்ட ஒரு வீடியோ வேண்டும் என்றாள். இங்கே பேர் எதுவும் வேண்டாம். அவளை மகள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

மகள் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தாள். வீடியோ அவளுடைய அம்மா படத்தில் ஆரம்பித்து அம்மா படத்திலேயே முடிய வேண்டும். அந்த அம்மா, இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டவர். அவருடைய படம் என்று அந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற ஒன்றுதான் உண்டு. அடுத்தது, சின்னம்மா எந்தப் படத்திலும் வரக் கூடாது. சின்னம்மா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அக்கா போனதும் அந்தப் பெண்ணையே அத்தானுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். இவளை வளர்த்தது அவர்தான். அவருக்கென்று பிள்ளை இல்லை.

வளர்த்தவர்தானே, அப்படியென்ன பகை என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்தான், ஆனால் என் வாய் சும்மா இருக்காது. சோறு ஊட்டியதும் தலை பின்னிவிட்டதும் காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே கிடந்ததும் அவளே சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாம் செஞ்சாகக்கா. ஆனா ஒரு நாளு என் மூஞ்சியப் பாத்துப் பேசினதில்ல. குனிஞ்ச தல குனிஞ்சபடிதான். வேண்டாத பிள்ளைய வளக்குறவுகதான் அப்படி இருப்பாக. என்னையப் பாத்து வளத்தது எங்கம்மா படந்தான்."

சின்ன வயதில் அந்தப் படத்துக்கு இடப்பக்கமாகத்தான் பாய் விரித்துப் படுப்பாளாம். அங்கே படுத்தால் அம்மா நேராக அவளையே பார்ப்பது மாதிரி இருக்குமாம். அம்மாவின் ஒரு கண்ணில், வெள்ளை விழியில், கடுகளவு ஒரு மச்சம் உண்டு. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியதிலிருந்து மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்பதுவரை அந்த மச்சத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறாள். அப்பா இருந்தவரை படத்தைக் கழற்ற விடவில்லை. இப்போது அவரும் இல்லை. பதினாறு முடிந்த கையோடு படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன், அதற்கப்புறம் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்றாள். சின்னம்மாவுக்குப் போக்கிடம் வேறு கிடையாது என்பதையும் அவளேதான் சொன்னாள். எனக்கு அவள்மேல் எரிச்சலாக வந்தது. அது என் வேலையில்லை என்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

அம்மா படம் கண்ணாடிச் சட்டத்தோடு போனில் எடுத்தது. கன்னத்தில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்திருந்தது. இருபது வயதுகூடச் சொல்ல முடியாத முகம், தலை லேசாகச் சாய்ந்திருந்தது. கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், கொஞ்சம் கீழே, எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டுடியோவில் படம் எடுக்கிறவர்கள் அப்படிப் பார்க்க விடமாட்டார்கள் என்று நினைத்ததோடு சரி.

வார்த்தை இல்லாத புல்லாங்குழல் போதும் என்று மகள் சொல்லியிருந்தாள். நல்லதாக ஒன்று எடுத்து வைத்தேன். அதில் ராகம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வாசிக்கிறவர் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். மற்றச் சமயமாக இருந்தால் வெட்டிவிடுவேன். அம்மா படம் இருட்டிலிருந்து மெல்லத் தெரியும் இடத்தில் அந்த மூச்சு சரியாக வந்து உட்கார்ந்தது. படம் மூச்சு விடுவது மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அப்படியே விட்டேன்.

மகளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. இப்போதெல்லாம் பழைய போட்டோவைக் கொடுத்தால் அது சிரிக்கிற மாதிரி, கண் சிமிட்டுகிற மாதிரி செய்துதரும் ஆப் வந்திருக்கிறதே, அம்மாவை ஒரு தடவை அப்படிப் பார்க்க வேண்டும் என்றாள். செய்தேன். அம்மா லேசாகத் தலையை அசைத்தார். உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. அப்புறம் கண்ணைச் சிமிட்டினார். சிமிட்டின அந்த இமைப்பொழுதில் என்னவோ தப்பாகப் பட்டது. அந்த இடத்தில் நிறுத்திப் பெரிதாக்கினேன்.

கண் மூடியதும் அந்த முகம் வேறு முகமாகிவிட்டது. துணியால் இறுக்கிக் கட்டி அவிழ்த்த தாடை. கன்னம் உள்ளே போயிருந்தது. மூக்கின் ஓரம் யாரோ பிரஷ்ஷால் எதையோ மறைத்திருந்தார்கள். திறந்த கண் இருந்தவரை இதெதுவும் என் கண்ணில் படவில்லை. அது பிணத்தின் முகம்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு படமும் எடுத்திராதவர்கள் செத்துப்போனால், குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்து எடுப்பார்கள். பிறகு ஸ்டுடியோவுக்கு வந்து, கண்ணைத் திறந்து குடுங்க என்பார்கள். இந்தக் கடை போடுவதற்கு முன்னால் நான் வேலை பார்த்த ஸ்டுடியோவில் அது என் வேலைதான். கண்ணை நாமாக வரைந்தால் பொம்மை மாதிரி இருக்கும். அதனால் கூடப்பிறந்தவர்கள் யாருடைய படத்திலாவது இருந்து எடுத்துவைப்போம். ஒரே வயிற்றுக் கண் சரியாகப் பொருந்தும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் கத்தரித்து ஒட்டி, மறுபடி படமெடுத்து, பிரஷ்ஷால் ஓரத்தைப் பூசுவார்களாம். இந்தப் படத்தில் வேலை செய்தவர் கெட்டிக்காரர், இவ்வளவு நாளும் யாருக்கும் தெரியவில்லை. மகளுக்கும் தெரியவில்லை. அதை நினைத்ததும் மேற்கொண்டு பார்க்கப் பிடிக்கவில்லை. சிமிட்டலை அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

அடுத்தது அப்பாவின் இளவயதுப் படம். இளவயதில் அவருக்கு இருந்ததே அது ஒன்றுதான். சின்னம்மாவைக் கட்டிய புதிதில் ஸ்டுடியோவில் இரண்டு பேரும் நின்று எடுத்தது. சின்னம்மாவை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் வைக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, ஒன்று கரைந்து இன்னொன்று வருகிற மாதிரி கட்டளை கொடுத்தேன். முகம் இருந்த இடத்திலேயே அடுத்த முகம் வந்து உட்காரும்படி சாஃப்ட்வேர் தானே பொருத்திக்கொள்ளும். வெட்டுவதற்கு முன்னாலேயே பொருத்தச் சொன்னது என் அவசரம். அது அப்பாவை விட்டுவிட்டு, தெளிவாக இருந்த சின்னம்மா முகத்தைப் பிடித்துக்கொண்டது.

ஓட்டிப் பார்த்தேன். அம்மாவின் நெற்றி கரைந்தது. கன்னம், உதடு, கழுத்துச் சங்கிலி, சேலை எல்லாம் கரைந்தன. கண் கரையவில்லை. முகம் முழுக்க மாறிக்கொண்டிருக்க, நடுவில் இரண்டு கண் மட்டும் அசையாமல் இருந்து, வேறொருத்தியின் முகம் அந்தக் கண்ணைச் சுற்றி வந்து மூடியது. மச்சம் இருந்த இடத்தில் மச்சம் இருந்தது. காதில் அந்த மூச்சு.

பழைய படம் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அதேதான். அப்போதுதான் ஹெட்போனை எறிந்துவிட்டு ஓடியது. தறி வீட்டு அக்கா என்ன என்று கேட்டதற்கு, கரண்டு அடித்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். வெயிலில் நின்றும் கை ஜில்லென்றுதான் இருந்தது.

உட்கார்ந்து யோசித்தால் புரிகிற விஷயம்தான். அக்கா படத்துக்குத் தங்கை கண். எனக்குப் புரியவும் செய்தது. ஆனாலும் மகள் அனுப்பிய மற்றப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தபோது மறுபடி உடம்பு சிலிர்த்தது. அந்த ஸ்டுடியோ படத்துக்கப்புறம் எடுத்த எந்தப் படத்திலும் சின்னம்மா கண் தெரியவில்லை. கிரகப்பிரவேசம், மகள் சடங்கு, மகள் கல்யாணம், எல்லாவற்றிலும் தலை கவிழ்ந்திருந்தது. கண் இல்லாத ஒருத்தி வரிசையாக நிற்பது மாதிரி இருந்தது.

பதினாறுக்கு முன்தினம் அந்த ஊருக்குப் போனேன். படத்தில் டியூப்லைட் அடிக்கிறது, நல்லதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று மகளிடம் காரணம் சொல்லியிருந்தேன். படத்துக்கு அடியில் விளக்கு எரிவதால் பதினாறு முடியும்வரை கழற்றக் கூடாதென்று அங்கேயே வந்து எடுக்கச் சொன்னாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான், அதற்கு நடுவே ஆடு மேய்கிற சத்தம் மட்டும் கேட்டது, ஆட்டைக் காணோம். வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே யாரும் இல்லை. நடுவீட்டில் படம் இருந்தது. விளக்கு அசைய அசைய அந்தக் கண்ணும் அசைந்தது. கேமராவை எடுக்கிறேன், பக்கத்தில் சேலை உரசும் சத்தம். திரும்பினால், அறை மூலையில், இருட்டில், அதே கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநொடி அந்தக் கண் தரைக்குப் போய்விட்டது. சின்னம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வீடியோ எடுக்க வந்த பிள்ளையா, காப்பி சாப்பிடுதியா தாயி என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

எனக்கு மறைத்துப் பேச வராது. படத்தில் இருக்கிறது உங்கள் கண்தானே என்று கேட்டுவிட்டேன். அவர் வாசலில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார். அக்கா போன மறுவாரம் அவரை அருப்புக்கோட்டை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அக்கா தலை சாய்ந்திருந்த மாதிரியே சாய்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பார்த்தால் கண்ணில் தண்ணி கொட்டிக்கொண்டே இருந்ததாம். கடைசியில் அத்தான் கைக்குழந்தையைக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்திருக்கிறார். அதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டதாம். ஓரமாகப் பார்த்ததில் கண்ணுக்குள் கிடந்த மச்சமும் படத்தில் விழுந்துவிட்டது. கல்யாணத்துக்கப்புறம் எடுத்த படத்திலும் குழந்தை அதே இடத்தில் அழுதுகொண்டிருந்ததால் பார்வை அங்கேயேதான் போயிருக்கிறது.

பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயதில், அது அந்தப் படத்தின் அடியில் நின்று அம்மா என்று பேசுவதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் குனிந்த தலைதான்.

"அக்கா கண்ணுன்னு அவ நம்பிக்கிட்டிருக்கா. அத மறுபடி என் மூஞ்சியில பாத்தான்னா அவளுக்கு அம்மான்னு என்ன இருக்கும்? குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். நீ சொல்லிராத தாயி."

அதுக்காக இத்தனை வருஷம் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இருந்தீர்களா என்று கேட்டேன். தூங்கும்போது பார்ப்பேன் என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் வீடியோ ஓடியது. மகள் சொன்னபடியே செய்திருந்தேன், சின்னம்மா எதிலும் இல்லை. சில படங்களில் அப்பாவின் தோளில் ஒரு கை மட்டும் நின்றுபோயிருந்தது, அதை எப்படியும் எடுக்க முடியவில்லை. கடைசியில் புல்லாங்குழல் தனியாக வர, அம்மாவின் கண் டிவி முழுக்கப் பெரிதாகி நின்றது. பந்தலில் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். நான் சின்னம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அவர், கண் திரையில் வந்ததும் தன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். படம் போகும்வரை திறக்கவில்லை. அந்த மூடிய முகத்தை நான் ஏற்கெனவே ஆப்பில் பார்த்திருக்கிறேன். அப்படியே அக்காவின் பிணமுகம்.

துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பும் வழக்கம் இல்லை. மகள் படத்தைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு, சின்னம்மா பக்கமே திரும்பாமல் காரில் ஏறினாள். என்னை அருப்புக்கோட்டையில் இறக்கிவிடுவதாகக் கூட்டிக்கொண்டாள். படம் அவள் மடியில் இருந்தது. துண்டு விலகி ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திருச்சுழி நெருங்கும்போது அவள் வாயைத் திறந்தாள்.

"பாத்தீகளாக்கா? எங்கம்மா மொகம் வந்ததும் கண்ண மூடிக்கிட்டாக. செத்துப்போன அக்கா படத்தப் பாக்கக்கூட அவுகளுக்கு ஆகல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. வாக்காவது ஒன்றாவது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து, அழிக்காமல் வைத்திருந்த அந்தக் கரையும் துண்டை ஓட்டிக் காட்டினேன். முகம் மாறியது, கண் நின்றது. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள், மறுபடி ஓட்டச் சொன்னாள், மறுபடி நிறுத்தினாள். அவுக சொல்லிக் கொடுத்து நீங்க செஞ்ச வேலைதானே என்று கத்தினாள். சொல்லாதே என்றுதான் அவுக சொன்னாக என்றேன். நாற்காலியில் உட்கார வைத்து எடுத்ததையும் ஸ்டுடியோவையும் சொன்னேன். அவள் துண்டை அவிழ்த்துப் படத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"அப்ப என்னையப் பாத்துக்கிட்டிருந்தது?"

"ஒங்களத்தான் பாத்தாக. கேமராவுக்குப் பக்கத்துல ஒங்கப்பா ஒங்களத் தூக்கிப் பிடிச்சிருந்தாக."

அவள் வண்டியைத் திருப்பச் சொன்னாள். சாவு வீட்டிலிருந்து கிளம்பியவர்கள் திரும்பப் போகக் கூடாது, நல்லதில்லை என்று டிரைவர் தயங்கினார். அவள் மறுபடி சொன்னாள்.

நாங்கள் போனபோது பொழுது இறங்கிவிட்டது. பந்தலில் ஆள் இல்லை. நடுவீட்டில் விளக்கு மட்டும் எரிந்தது. படம் இருந்த இடத்தில் சுவர் வெளுத்துச் சதுரமாகத் தெரிந்தது, அதற்கு எதிரே சின்னம்மா நிமிர்ந்து உட்கார்ந்து அந்தச் சதுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டதும் தலை கவிழ்ந்தது.

"சின்னம்மா, என்னையப் பாருங்க" என்றாள் மகள்.

அவர் அசையவில்லை. அவள் மறுபடி சொன்னாள், இந்தத் தடவை சின்னப்பிள்ளைக் குரல் வந்துவிட்டது. தலை மெல்ல மெல்ல நிமிர்ந்தது. மகள் படத்தை நெஞ்சோடு அணைத்து ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கண் அவளைத் தேடிப் பக்கவாட்டில் திரும்பியது, மச்சம் வெளியே வந்தது. கிழவி முகத்தில் இருபது வயதுக் கண். மகள் பின்னால் நகர்ந்து என்மேல் மோதினாள். எனக்கும் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும் போலத்தான் இருந்தது.

பிறகு அவள் படத்தைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். சின்னம்மாவுக்கு எதிரே போய் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தாள். பழக்கத்தில் அவர் தலை மறுபடி குனிந்தது. மகள் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்து நிமிர்த்தி, விடாமல் அப்படியே பிடித்துக்கொண்டாள்.